காத்திருப்புக்கு யார் கூலி தருவது? செயலிவழி வேலை பார்க்கும் வடசென்னை இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



கல்மண்டபத்திலும் அதைச் சுற்றியுள்ள பனைமரத்தொட்டி, காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளிலும் வாழ்ந்து, கைபேசிச் செயலி சொல்லும் முகவரிகளுக்கு உணவும் மளிகையும் பொட்டலமும் கொண்டுசேர்த்தும், ஆட்டோவும் வாடகைக் காரும் ஓட்டியும் பிழைப்பு நடத்தும் அனைவருக்கும் இம்மடல்.

புதிய தொழில்நுட்பம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், எந்திரம் மனிதரின் வேலையைப் பறித்துவிடுமா என்பதே முதற்கேள்வியாக வைக்கப்படுகிறது. மாநாடுகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அக்கேள்வி அலுத்துப்போகும் அளவுக்குக் கேட்கப்பட்டுவிட்டது. ஆனால் சென்னைத் துறைமுகத்தை ஒட்டி, நூறாண்டுகளுக்கு மேலாக உடலுழைப்பால் வாழ்ந்துவரும் இவ்வட்டாரத்தின் வரலாற்றைப் புரட்டினால், வேறொரு கேள்வியே திரும்பத் திரும்ப முன்னுக்கு வருகிறது: ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையில் தொழிலாளி காத்துக்கிடக்கும் நேரத்திற்கு யார் கூலி தருவது? கப்பல் அணையும்வரை, லாரிக்குக் கதவு திறக்கும்வரை, உணவகத்தில் பொட்டலம் கட்டி முடியும்வரை யாரோ ஒருவர் காத்திருந்தே ஆகவேண்டும். அவ்வாறு காத்திருக்கும் ஆள் இல்லாமல் எந்தச் சரக்குப் போக்குவரத்தும் நடப்பதில்லை. அந்தக் காத்திருப்பின் செலவு முதலாளியின் கணக்கில் எழுதப்பட்டதா, பொதுநிதியின் கணக்கில் எழுதப்பட்டதா, தொழிலாளி வீட்டு அடுப்பின் கணக்கில் எழுதப்பட்டதா என்பதைப் பொறுத்தே இங்கு வேலையின் தரமும், உடலின் நலமும், மனிதர் நடந்துகொள்ளும் விதமும் அமைந்துவந்துள்ளன. அந்தப் பழைய கணக்கைப் புதிய வேலைக்காரர்கள் முன் வைப்பதே இம்மடலின் நோக்கம்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியடிக்காமல் தேங்காய்நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகளே அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தன. கடல் அனுமதித்த நாளில் வேலையும், கொந்தளித்த நாளில் பட்டினியும் என்பதே அப்படகோட்டிகளின் வாழ்க்கை. 1870-களில் தொடங்கிய செயற்கைத் துறைமுகக் கட்டுமானத்தை 1881 நவம்பர் புயல் சிதைத்துப்போட்ட பிறகும் அரசு அதை விட்டுவிடவில்லை. மீண்டும் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்களும், 1904 முதல் 1919 வரை துறைமுகப் பொறுப்பிலிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் செய்த மாற்றங்களும் சேர்ந்து, கப்பல் நேரே கரையில் வந்து அணையும் நிலையை உண்டாக்கின. மசூலா படகோட்டியின் தொழில் அத்தோடு மங்கிற்று. கவனிக்கத்தக்க இன்னொரு விளைவும் உண்டு: கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகச் சுவர்கள் மறித்துக்கொண்டதால், தெற்கே மெரினா அகன்று அழகுபெற, வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிலான கரையைக் கடல் அரித்துத் தின்றது. நகரத்தின் வசதிக்கான செலவு வடக்கே தள்ளிவிடப்படுவது அன்று தொடங்கிய வழக்கம்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

துறைமுகம் வந்த பின்னும் காத்திருப்பு ஒழியவில்லை. எந்தக் கப்பல் எப்போது வரும், அதில் எத்தனை மூட்டை இருக்கும் என்பது நாளுக்கு நாள் மாறுவதால், தேவைப்படும் நாளில் மட்டும் ஆள் எடுத்து, தேவையில்லாத நாளில் திருப்பி அனுப்பும் அன்றாடக் கூலிமுறையே உலகத் துறைமுகங்கள் பலவற்றிலும் நிலவிற்று. விடியற்காலையில் வாயிலருகே ஆட்கள் கூடுவர்; மேஸ்திரி தமக்கு வேண்டியவரைப் பொறுக்குவார்; மற்றவர் அடுத்த கப்பலுக்காகக் காத்திருப்பர் அல்லது வெறுங்கையோடு வீடு திரும்புவர். பொறுக்கும் அதிகாரம் ஒருவரிடம் இருந்ததால், அவருக்குக் கமிஷன் தருவதும், அவரிடமே கடன் வாங்குவதும், நோயை மறைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்பதும் பிழைக்கும் வழிகளாயின.

இந்த நிலையை மாற்றுவதற்காக வந்ததே 1948-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம். இச்சட்டத்தின்கீழ் பெருந்துறைமுகங்களில் அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினரும் அமர்ந்த துறைமுகத் தொழிலாளர் வாரியங்கள் அமைக்கப்பட்டன; சென்னையிலும் 1950-களில் அத்தகைய வாரியம் செயல்படத் தொடங்கிற்று. அதன் இயக்கம் எளிமையானது. தொழிலாளர் பெயர்கள் ஒரு பதிவேட்டில் ஏறும். வேலை அப்பதிவேட்டின்படி முறைவைத்துப் பகிரப்படும். கப்பல் இல்லாத நாளிலும் நேரத்திற்கு வந்து பெயர் கொடுத்தவருக்கு வருகைப்படி என்ற சிறுதொகை கிடைக்கும். மாதத்தில் குறிப்பிட்ட நாட்களுக்காவது கூலி உறுதி செய்யப்படும். இதற்கான செலவை, தொழிலாளரைப் பயன்படுத்தும் கம்பெனிகள் கூலிக்கு மேல் செலுத்தும் கட்டணத்திலிருந்து வாரியம் எடுத்துக்கொள்ளும். காத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதியே என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட அந்தக் கணம், இவ்வட்டாரத் தொழில் வரலாற்றில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்றே மதிக்கத்தக்கது. பாரந்தூக்கியோ நீராவி எந்திரமோ அதற்கு ஈடாகாது.

வாரியம் சொர்க்கமாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பதிவேட்டில் இடம் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையே ஒரு சுவர் எழுந்தது. கப்பலின் ஒவ்வொரு அறைக்கும் இத்தனை பேர் கொண்ட கேங் என்ற கணக்கு, எந்திரம் வந்த பின்னும் மாறாமல் நின்றது. வேலை வேகமாக நடப்பதற்காகக் கணக்கில் வராத கையூட்டாக ‘ஸ்பீடு மணி’ கொடுக்கும் வழக்கம் இந்தியத் துறைமுகங்களில் ஊறிப்போயிற்று. இக்குறைகள் உண்மையானவை. ஆயினும் அக்குறைகளைக் காரணம் காட்டிப் பின்னாளில் எடுத்தெறியப்பட்டது குறைகள் மட்டுமாக இருக்கவில்லை.

1956 ஏப்ரலில் அமெரிக்க லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீன், நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றி அனுப்பினார். மூட்டை மூட்டையாகக் கைகளால் ஏற்றினால் டன்னுக்கு 5.86 டாலர் ஆகும் செலவு, பெட்டியாக ஏற்றியபோது 16 சென்ட் அளவுக்கு இறங்கிற்று என்பது அன்றைய கணக்கு. கன்டெய்னர் என்று இன்று எல்லோரும் அறிந்த அந்தப் பெட்டிக்குள் நுண்ணறிவு எதுவும் இல்லை. உலகெங்கும் ஒரே நீளம், ஒரே அகலம், மூலைகளில் ஒரே வகைப் பூட்டு என்ற உடன்பாடு மட்டுமே அதன் தொழில்நுட்பம். அந்த உடன்பாடு 1983-ல் சென்னைக்கு வந்தது. இந்தியாவிலேயே கன்டெய்னருக்கென்று தனியாக அமைந்த முதல் முனையம் இங்குதான் திறக்கப்பட்டது. ஒரு பாரந்தூக்கி மணிக்கு இருபது, முப்பது பெட்டிகளை இறக்கும்போது, ஒரு பெட்டிக்குள் அடங்கும் இருபதுக்கும் மேற்பட்ட டன் சரக்கைச் சுமக்க முன்பு தேவைப்பட்ட தோள்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. 1997-ல் பெருந்துறைமுகங்களுக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாமல் செய்வதற்கான தனிச்சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. 2001-ல் சென்னைக் கன்டெய்னர் முனையம் தனியார் நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட்டது. வாரியத்தின் ஆட்கள் துறைமுக நிர்வாகத்தோடு இணைக்கப்பட்டனர், விருப்ப ஓய்வில் சென்றனர், வயதாகி விலகினர். அவர்கள் இடத்தில் புதியவர் எடுக்கப்படவில்லை. கல்மண்டபத்தில் இன்றைக்கு எழுபதைத் தாண்டிய முதியவர் பலரின் ஓய்வூதியத்திற்கு அப்பதிவேடே மூலம்.

இந்த மாற்றத்தில் காத்திருப்பு எங்கே போயிற்று? ஒழிந்துவிட்டது என்று கப்பல் கம்பெனிகள் சொல்லும். கப்பல்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட, ஏனெனில் வாரக்கணக்கில் துறைமுகத்தில் நின்ற கப்பல் இப்போது ஓரிரு நாளில் கிளம்பிவிடுகிறது. ஆனால் அந்த நேரம் ட்ரெய்லர் லாரி ஓட்டுநரின் தலைமேல் இறங்கிற்று. துறைமுகத்தின் ஜீரோ கேட் வாயில் முதல் எண்ணூர் விரைவுச் சாலை வழியே திருவொற்றியூர், மணலி வரை நீண்டு நின்ற கன்டெய்னர் லாரி வரிசைகளை இவ்வட்டாரத்தில் பார்க்காதவர் இல்லை. வண்டியிலேயே சமைத்து, வண்டிக்கு அடியிலேயே உறங்கி, கழிப்பறை இல்லாமல், தண்ணீர் குறைத்துக் குடித்து, இரவும் பகலும் அங்குலம் அங்குலமாக நகர்ந்த அவர்களுக்கு நடைக்கு இவ்வளவு என்றே பணம் பேசப்பட்டதால், நின்ற நேரம் கணக்கில் ஏறவே இல்லை. நெரிசலைத் தீர்க்கும் என்று 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலை நடுவில் நின்றுபோய், 2022 மே மாதம் மீண்டும் ஒரு அடிக்கல் கண்டது. ஒரே சாலைக்கு இரண்டு அடிக்கல் நாட்டும் அளவுக்கு நாட்டுக்குப் பொறுமை இருந்ததற்குக் காரணம், நின்ற நேரத்தின் செலவு நாட்டின் செலவாக எழுதப்படாததே.

செயலிவழி வேலையின் இடம் இந்த வரிசையிலேயே உள்ளது. கைபேசித் திரை புதியது. அதன் பின்னாலிருக்கும் ஏற்பாடு 1948-க்கு முந்தைய துறைமுக வாயிலே. வேலை வரும்போது மட்டும் ஆள், வராதபோது ஆள் இல்லை. கல்மண்டபம் சாலையோரத்திலும், எம்.சி. ரோட்டின் திருப்பங்களிலும், மெட்ரோ நிலைய வாசல்களிலும் வண்டியைச் சாய்த்து வைத்து, லாகின் செய்த நிலையில் ஆர்டருக்காகக் காத்திருப்போர், அன்று மூட்டை தூக்கும் கொக்கியைத் தோளில் மாட்டித் துறைமுக வாயிலில் நின்றவரின் பேரப்பிள்ளைகளாகவே கூட இருக்கலாம். மாறியிருப்பது பொறுக்கும் கை. யாருக்கு எந்த ஆர்டர், எவ்வளவு தொகை, எத்தனை நிமிடம், யாருடைய ஐடியை முடக்குவது என்ற முடிவுகளை, முன்கூட்டி எழுதப்பட்ட கணிப்பு விதிகளே எடுக்கின்றன. இதனைத் தொழிலியலாளர் கணிநெறி மேலாண்மை என்று அழைக்கின்றனர், அதாவது மேற்பார்வையாளரின் வேலையை ஒரு மென்பொருள் செய்வது. மேஸ்திரி கொடுமைக்காரராக இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு முகம் இருந்தது, வீட்டு முகவரி இருந்தது, அவரிடம் சண்டை போட முடிந்தது, அவருக்கு எதிராகச் சங்கம் கட்ட முடிந்தது. ஐடி முடக்கப்பட்டவர் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் தானியங்கிப் பதில் அனுப்பும் அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்துகொண்டிருப்பதைப் பார்த்தால், மேஸ்திரியின் காலம் கருணையுள்ள காலமாகத் தோன்றிவிடும் அபாயம்கூட இருக்கிறது.

இங்கு ஒரு ஐயம் எழலாம்: தொழில்நுட்பம் வந்த இடத்தில் எல்லாம் இப்படித்தான் நடக்குமா? இல்லை என்பதற்குச் சான்று கல்மண்டபத்திலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே உள்ளது. காசிமேட்டு விசைப்படகுகளில் ஜிபிஎஸ், மீன் கூட்டத்தைக் காட்டும் எதிரொலிக் கருவி, விஎச்எஃப் வானொலி ஆகியவை வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஐதராபாத்தில் 1999-ல் நிறுவப்பட்ட இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், கடல்பரப்பின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோள் வழி அளந்து, மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை அறிவிக்கிறது. அந்த அறிவிப்பைப் பெறும் மீனவர் அதன்படி போகலாம், வாடைக்காற்றைப் பார்த்துவிட்டுப் போகாமலும் இருக்கலாம். போகாததற்காக எந்தக் கருவியும் அவரது மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. அதே செயற்கைக்கோள், அதே கைபேசி, அதே வரைபடம்தான் இரண்டு இடத்திலும் இருக்கின்றன. ஆயினும் படகில் தகவல் தொழிலாளிக்குப் போகிறது, சாலையில் தகவல் தொழிலாளியிடமிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே கருவியைக் குற்றம் சொல்வதைக் காட்டிலும், அக்கருவி யாருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

மனித நடத்தையை வளைப்பதற்குச் செயலிகள் கையாளும் வழி மிகப் பழையது. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1950-களில் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளில், ஒவ்வொரு கொத்தலுக்கும் தானியம் கிடைக்கும் புறாவைவிட, எந்தக் கொத்தலுக்குக் கிடைக்கும் என்று தெரியாத புறாவே ஓயாமல் கொத்திக்கொண்டிருந்தது. மாறுவிகித வெகுமதி என்று இதற்குப் பெயர். சூதாட்ட எந்திரங்கள் இந்த விதியில்தான் ஓடுகின்றன. இன்னும் இரண்டு ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ் என்று இரவு பதினொரு மணிக்குத் திரையில் தோன்றும் அறிவிப்பும், மழை பெய்தால் கூடும் தொகையும், அந்தக் கடைசி ஆர்டர் மட்டும் வராமல் நள்ளிரவு தாண்டிவிடும் அனுபவமும் இதே வகையைச் சேர்ந்தவை. வீட்டுக்குப் போகலாம் என்று ஒருவர் எடுக்க வேண்டிய முடிவு, அவர் அறியாமலேயே அவரிடமிருந்து வாங்கப்படுகிறது. விளைவு வீட்டுக்குள்ளும் நுழைகிறது: சாப்பிடும்போதும் திரையில் ஒரு கண், பிள்ளையோடு பேசும்போதும் ஒலிக்காக ஒரு காது, வாரயிறுதி என்பது ஊருக்கு ஓய்வாகவும் தொழிலாளிக்கு உச்சநேரமாகவும் ஆகிவிடுவதால் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்கும் போகமுடியாத நிலை. இந்த வளைப்பு ஒரு பக்கம் மட்டும் நிகழவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பத்து நிமிடத்தில் கொத்தமல்லிக் கட்டு வீட்டு வாசலுக்கு வரும் என்று பழகிய நுகர்வோர், பன்னிரண்டாம் நிமிடத்தில் கோபப்படவும் பழகிவிடுகிறார். கடைக்காரரிடம் பொறுமையாக வரிசையில் நின்ற அதே மனிதர், நட்சத்திரக் குறிகளை அழுத்தும்போது நீதிபதியாகிவிடுகிறார். அவர் அளிக்கும் தீர்ப்பு ஒருவரது அடுத்த வார வருமானத்தைக் குறைக்கும் என்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை.

உடல்நலம் பற்றி எழுதும்போது இவ்வட்டாரத்தின் காற்றை விட்டுவிட்டு எழுத முடியாது. துறைமுகத்தில் திறந்தவெளியில் கொட்டிக் கையாளப்பட்ட நிலக்கரியும் இரும்புத்தாதும் ராயபுரம் வீடுகளின் சமையலறைவரை கரும்பொடியாய்ப் படிந்ததை எதிர்த்து மக்கள் நீண்டகாலம் போராடிய பின்னரே, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் 2011 அக்டோபர் முதல் அச்சரக்குகள் இங்கு நிறுத்தப்பட்டன. நிறுத்தப்பட்ட நிலக்கரி மறைந்துவிடவில்லை; எண்ணூருக்குப் போயிற்று. சுமை இங்கும் வடக்கு நோக்கியே நகர்ந்தது. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர்த் துறைமுகத்திற்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும், அதை அள்ளியதில் வாளிக்கும் குவளைக்கும் மனிதக் கைக்கும் பெரும்பங்கு இருந்தது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருக்கும் பெட்டி எந்தக் கடலில் மிதக்கிறது என்று நொடியில் சொல்லும் காலத்தில்தான் இவை நடந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, இந்தக் காற்றில் நாள்தோறும் பத்து, பன்னிரண்டு மணிநேரம் சாலையிலேயே இருப்பவரின் நுரையீரலைப் பற்றி எண்ணிப்பார்க்க வேண்டும்.

வெப்பம் இன்னொரு கணக்கு. கடலோர ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே தங்கிவிடுவதால், வெப்பமானி காட்டும் அளவைவிட உடல் உணரும் சூடு அதிகம். நீண்டநேரம் வெயிலில் உழைத்து, போதிய நீர் குடிக்காமல் இருப்பவரின் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதடையக்கூடும் என்பதைத் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டியுள்ளன. கழிப்பறை கிடைக்காது என்பதற்காகத் தண்ணீரைத் தவிர்க்கும் ட்ரெய்லர் ஓட்டுநருக்கும், கொண்டுசேர்க்கும் தொழிலில் உள்ள பெண்களுக்கும் இது தொலைதூர ஆபத்து அல்ல. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது. சென்னை மாநகராட்சி 2025-ல் சில இடங்களில் செயலிவழித் தொழிலாளருக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளைத் திறந்தது. அத்தகைய அறைகள் முதலில் அண்ணா நகர், தியாகராய நகர்ப் பக்கம் எழுந்தன என்பதில் வியப்படைய எதுவும் இல்லை. மருத்துவத் திட்டங்களில் காணப்படும் ஓர் இடைவெளியும் இங்குக் குறிப்பிடத்தக்கது. தொழிலாளர் வேலை செய்யும் இடத்திற்கே சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024-ல் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம், ஆனால் தேடிச் செல்வதற்கு ஒரு தொழிற்சாலை வாயில் வேண்டும். திருவொற்றியூரின் மோட்டார் சைக்கிள் ஆலைக்கும் எண்ணூரின் லாரி ஆலைக்கும் வாயில் உண்டு. செயலிக்கு வாயில் எங்கே? அதுபோலவே, 1986-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்பு, சுகாதார, நலச் சட்டம், கப்பலடியில் நேரும் காயத்தைத் தொழில்விபத்தாக அறிவித்துப் பதிவுசெய்யச் சொன்னது. ஆர்டரோடு போகும்போது லாரி இடித்து ஸ்டான்லி மருத்துவமனைக்குத் தூக்கிச்செல்லப்படுபவரின் காயமோ சாலைவிபத்து என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிப்போகிறது. எந்த அவசரத்தில், யாருடைய கால அளவுக்காக அவர் ஓடினார் என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

சட்டம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலிவழித் தொழிலாளரை முதன்முதலாக வரையறுத்து, திரட்டுநர்கள், அதாவது செயலிவழி வேலையையும் ஆளையும் இணைக்கும் நிறுவனங்கள், ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டை, தொழிலாளருக்கு வழங்கும் தொகையின் 5 விழுக்காட்டிற்கு மிகாமல், நிதிக்குச் செலுத்தவேண்டும் என்கிறது. ராஜஸ்தான் 2023-லும் கர்நாடகம் 2025-லும் தனிச்சட்டம் இயற்றின. கர்நாடகச் சட்டம் ஒருவரை நீக்குமுன் 14 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 2023-ல் தனி நலவாரியம் அமைந்தது; 2025–26 வரவுசெலவுத் திட்டத்தில், வாரியத்தில் பதிந்த 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு ரூ. 20,000 மானியம் அறிவிக்கப்பட்டது. இவற்றுள் பெரும்பாலானவை நலம் பற்றியவை. காயம்பட்டால், இறந்தால், முதுமை வந்தால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்பவை. உயிரோடும் உடல்நலத்தோடும் லாகின் செய்துகொண்டு ஆர்டர் இல்லாமல் நிற்கும் மூன்று மணிநேரத்தைப் பற்றி இவற்றில் எதுவும் வாய்திறக்கவில்லை.

வாய்திறந்த இடங்கள் வெளிநாட்டில் உண்டு. 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்சநீதிமன்றம், ஊபர் ஓட்டுநர் தமக்கு அனுமதிக்கப்பட்ட பகுதியில் செயலியைத் திறந்துவைத்து, பயணத்தை ஏற்கத் தயாராக இருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரமே என்று தீர்ப்பளித்தது. நியூயார்க் நகரம் 2023 டிசம்பரிலிருந்து உணவு கொண்டுசேர்ப்போருக்கு நடைமுறைப்படுத்திய குறைந்தபட்ச ஊதியம், அன்று மணிக்கு 17.96 டாலர், காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் கொண்டே வகுக்கப்பட்டது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய ஆணை, கணக்கை முடக்கும் முடிவை மென்பொருள் மட்டுமே எடுத்துவிடக் கூடாது, மனிதர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. 1948-ல் இந்தியா துறைமுகத்திற்காக எழுதிவைத்த கருத்தை, பெயர் மாற்றி, எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மற்றவர் எழுதுகின்றனர்.

எதிர்வாதமும் வலுவானது, அதை மறைத்து எழுதுவது இம்மடலைப் பெறுவோரை ஏமாற்றுவதாகும். விரும்பிய நேரத்தில் லாகின் செய்து, விரும்பிய நேரத்தில் வெளியேறும் சுதந்திரம் பலருக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது: கல்லூரியில் படித்துக்கொண்டே ஓட்டுபவர், பகலில் பட்டறை வேலையும் இரவில் ஆர்டரும் பார்ப்பவர், காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் இவ்வேலைக்கு வருபவர். காத்திருப்புக்குக் கூலி தரவேண்டும் என்றால், நிறுவனங்கள் காத்திருப்போர் எண்ணிக்கையைக் குறைக்கவே முயலும். நியூயார்க்கில் அதுதான் நடந்தது. ஆர்டர் குறைந்த வேளையில் பலரால் லாகின் செய்யவே முடியாமல் போயிற்று. சென்னைத் துறைமுகத்தின் பதிவேடும் அப்படித்தான் தன் கதவை மூடிக்கொண்டது. உள்ளே இருப்பவருக்கு உறுதி, வெளியே இருப்பவருக்கு ஒன்றுமில்லை என்ற அந்தப் பழைய சுவரைத் திரும்ப எழுப்பாமல், காத்திருப்பின் செலவைத் திரட்டுநர் கணக்கில் எழுதவைப்பது எப்படி என்பது தீர்க்கப்படாத சிக்கல். அதற்கு விடை தெரியும் என்று சொல்பவரை நம்பவேண்டியதில்லை. ஆனால் அச்சிக்கலைப் பேசும் மேசையில், இவ்வேலை செய்வோரின் கையில் தரவு இல்லாமல் அமர்வது வீண்.

ஆதலால் இம்மடல் முன்வைக்கும் வேண்டுகோள் சிறியது, உடனே செய்யத்தக்கது. நிறுவனங்களிடம் ஒவ்வொரு நொடியும் பதிவாகியிருக்கிறது. தொழிலாளரிடம் எதுவும் இல்லை. லாகின் செய்த நேரம், ஆர்டர் வந்த நேரம், உணவகத்திலோ டார்க் ஸ்டோர் எனப்படும் கிடங்கிலோ நின்ற நேரம், கொடுத்து முடித்த நேரம், கைக்கு வந்த தொகை, பெட்ரோல் செலவு ஆகிய ஆறையும் ஒரு நோட்டிலோ கைபேசியிலோ ஒரு மாதம் குறித்துவையுங்கள். கல்மண்டபம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எனப் பகுதிவாரியாக ஐம்பது, நூறு பேரின் குறிப்புகளைச் சேர்த்தால், காத்திருப்பு நாளின் எத்தனை பங்கு என்பது முதன்முறையாகத் தொழிலாளர் பக்கத்துக் கணக்காகத் தெரியவரும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றி ஒரு நிறுவனம் திரட்டியுள்ள தரவின் சுருக்கத்தைக் கேட்டுப்பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வகுத்துள்ளது. அதன் விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அந்த உரிமை முழுமையாகக் கைக்கு வரும் நாளில் முதலில் கேட்பவர்களில் வடசென்னையாரும் இருக்கட்டும். நலவாரியத்தில் இன்னும் பதியாதவர் பதிந்துகொள்வதும், வாரியம் அமரும்போது காத்திருப்பு நேரத்தை அதன் பொருள்நிரலில் சேர்க்கக் கோருவதும் அடுத்த படி. சங்கம் வைப்பதா, எந்தக் கொடியின்கீழ் வைப்பது என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடலாம். 1918-ல் இந்த நகரத்தில்தான், பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காக, நாட்டின் முதல் ஒழுங்கமைந்த தொழிற்சங்கம் எழுந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

அந்த ஒரு மாதக் கணக்கைச் சேர்த்து முடித்த பின், பனைமரத்தொட்டியிலும் கல்மண்டபத்திலும் இன்னும் இருக்கும் பழைய துறைமுகத் தொழிலாளர் சிலரிடம் அதைக் காட்டி, வருகைப்படி எவ்வாறு கணக்கிடப்பட்டது, பெயர் கொடுக்கத் தவறிய நாளில் என்ன நடந்தது, கம்பெனிகள் அதை எப்படி எதிர்த்தன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அக்குறிப்புகளும் நலவாரியத்திற்கு அனுப்பும் கோரிக்கை மனுவோடு இணைக்கப்பட வேண்டியவை.

இங்ஙனம்,
இவ்வட்டாரத் தொழில் வரலாற்றைப் பயிலும் ஒருவர்,
கல்மண்டபம், சென்னை.